மூன்றாவது சைலன்சர்

கடுக்காய்மலைச் சாலை சமவெளியை விட்டுப் பிரிந்து மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் பாண்டியம்மாளின் சைலன்சர் பட்டறை இருந்தது. அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. ஆயினும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தால், மீசை நரைத்த ஓட்டுநர்களும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நிற்பார்கள். மலையில் வண்டி ஓட்ட விரும்புகிறவன் முதலில் அவரிடம் கற்றுத் தேற வேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் வழக்கம். அதனால் அவரை எல்லோரும் ஆசான் என்றே அழைத்தார்கள்.

அவருடைய மாணாக்கர்களுள் மூத்தவர் அழகுமலை. ஆசானைவிட மிகவும் வயது முதிர்ந்தவர். மலைத்தோட்டங்களிலிருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் சுமந்து வருகிற மட்டக்குதிரைகளின் பின்னால் நடந்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஒரு நாள் குதிரைகளை விற்றார். பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். கிளட்ச் எது, பிரேக் எது என்று ஐம்பது வயதுக்குமேல் படித்து, மலையேறும் ஓட்டுநர் ஆனார். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் சற்றே உயரும். உயர்வதற்கு உரிய செய்திதான் அது.

அந்த வண்டியின் சைலன்சர் ஒரு மழைநாளில் பாறையில் இடித்துப் பிளந்தது. அழகுமலை வண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"கம்பெனி சாமான் வேண்டாம், ஆசான். உங்க கையால செஞ்சதுல நல்லதா ஒண்ணு மாட்டிக் குடுங்க."

சுவரில் மூன்று சைலன்சர்கள் தொங்கின. பாண்டியம்மாள் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றையும் ஒருமுறை தட்டினார். முதலாவது, நெல் மூட்டையைத் தட்டியது போல் மந்தமாகச் சத்தமிட்டு அடங்கியது. இரண்டாவது, வெண்கலத் தாம்பாளம் போல் ஒலித்தது. மூன்றாவதன் ஓசை பட்டறைத் தகரக் கூரையைத் தொட்டுத் திரும்பியது. நெடுநேரம் அடங்க மறுத்தது.

"முதலாவதுல உள்ளே தடுப்பு நிறைய. சத்தத்தை முழுங்கிரும். ரெண்டாவதுல பாதித் தடுப்பு. மூணாவது கிட்டத்தட்ட நேர்க்குழாய். சட்டம் விடுற எல்லையில நிக்குது. அதுக்கு மேல ஒரு இழை கூடாது."

"இதுல எது நல்லது?"

"மூணும் நல்லதுதான் அண்ணே. மூணும் நான் செஞ்சது."

"அப்ப எனக்கு எது?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

அழகுமலை வாசலுக்கு நகர்ந்தார். மேலே, மேகம் ஒட்டிக்கிடந்த மலையைப் பார்த்தார்.

"நான் வர்றது மலைக்குத் தெரியணும், ஆசான். இத்தனை காலமும் குதிரை வாலைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். எதிர்ல வந்தவனெல்லாம் குதிரையைத்தான் பார்த்தான். என்னை ஒருத்தனும் நிமிர்ந்து பார்த்ததில்லை."

பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. அறிவுரை கூறவும் இல்லை. ஏணியை நகர்த்தி மூன்றாவதைக் கழற்றி இறக்கினார்.

வேலை நண்பகல் வரை நடந்தது. பற்றவைத்த இடம் மீன் செதில்களை வரிசையாக அடுக்கியது போல் அமைந்தது. அழகுமலை குனிந்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டு அதைப் பார்த்தார். தம் வண்டியில் இத்தனை நேர்த்தியான வேலை வேறெங்கும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

சாவியைத் திருகினார். எதிர்த் தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளைகள் தட்டிலேயே நடுங்கின. கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சைக்கிளில் போன இருவர் காலை ஊன்றி நின்றனர்.

அழகுமலை ஒரு கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு மலையேறினார். அன்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

மலையுச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு களம் உண்டு. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து குதிரைகள் சுமையோடு இறங்கி வந்து அங்கேதான் நிற்கும். அங்கிருந்துதான் பழங்கள் வண்டிக்கு மாறும். களத்தை எட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு செங்குத்தான ஏற்றம். அழகுமலை அந்த ஏற்றத்தில் வண்டியை ஏற்றியபோது மலையே ஒருமுறை கனைத்துக்கொண்டது போலிருந்தது.

களத்தில் நின்ற குதிரைகள் காதுகளைப் பின்னுக்கு மடித்தன. அவற்றுள் ஒன்று செவலை. அழகுமலை குட்டியிலிருந்து வளர்த்த பெண்குதிரை. தோட்டக்காரர்களின் தலைவர் குருந்தப்பனுக்கு விற்ற குதிரை. அது முன்கால்களைத் தூக்கியது. கயிற்றைப் பிடித்திருந்த நல்லமுத்துவின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு சரிவில் பாய்ந்தது. முதுகில் கட்டியிருந்த பலாப்பழங்கள் அவிழ்ந்து உருண்டன. பாறையில் மோதி வெடித்தன. களமெங்கும் பழவாசனை எழுந்தது.

"ஏய் செவலை. நான்தாண்டி. நான்தாண்டி."

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அழகுமலை கத்தினார். தாம் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடியும் கூப்பிட்டபோது செவலை கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது.

நல்லமுத்து கையை ஊதிக்கொண்டே வந்தார். குதிரைக்காரர்களில் வாய்த்துடுக்கு உள்ளவர் அவர்.

"ஏண்ணே, வண்டியில வந்தியா, இடிமேல ஏறி வந்தியா?"

"புது சைலன்சர்."

"இருந்தத கழட்டி எறிஞ்சிட்டு வந்துட்டியோன்னு நினைச்சேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். குருந்தப்பன் சிரிக்கவில்லை. வெடித்துக் கிடந்த பழங்களைக் காலால் ஒதுக்கியபடி வந்தார். அதிகம் பேசாதவர். பேசியதை மாற்றாதவர்.

"அழகுமலை, நீ எங்க ஆளு. அதனாலதான் உனக்கு லோடு குடுத்தோம். ஆனா குதிரை மிரண்டா ஆள் செத்துருவான்யா. அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம்."

"தெரியும் மாமா."

"செவ்வாய்க்கிழமை பெரிய லோடு இருக்கு. அன்னைக்கு ஒரு குதிரை மிரண்டாலும் இந்த மலையோட லோடு அத்தனையும் மாயாண்டி வண்டிக்குப் போயிரும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதே."

அதே மலையில் ஓட்டுகிற மாயாண்டியின் வண்டி தொட்டில் போல் ஆடினாலும் முனகாமல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அழகுமலை வெறும் வண்டியோடு மலையிறங்கினார். வளைவுகளில் நின்றவர்கள் இப்போதும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. அந்தத் தோட்டங்களின் லோடு போனால் வண்டி போகும். வண்டி போனால் திரும்பிப் போக அவருக்குக் குதிரையும் இல்லை. குதிரை பின்னால் நடக்கிற கால்களும் இனி இல்லை. இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பால்புட்டி வைத்து வளர்த்த குதிரை தம்மைக் கண்டு ஓடியது ஒன்றுதான் வழியெல்லாம் அவர் நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் பாண்டியம்மாள் ஒரு குழாயை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தார். நடந்ததை அழகுமலை ஒன்று விடாமல் சொன்னார்.

"இதைக் கழட்டிருங்க, ஆசான். முதலாவதை மாட்டிருங்க."

"நான் பத்தவச்சதை நான் பிரிக்கிறதில்லை அண்ணே."

"விளையாடாதீங்க. செவ்வாய்க்கிழமையிலதான் என் பிழைப்பே இருக்கு."

"விளையாடல."

"அப்ப நான் வேற பட்டறைக்குப் போறேன்."

"தாராளமாப் போங்க. நல்ல பட்டறைகள் இருக்கு. பக்குவமாப் பிரிச்சுக் குடுப்பாங்க." அவர் அரத்தைக் கீழே வைத்தார். "அதுக்கு முன்னாடி சாவியை ஒருதரம் குடுங்க."

அழகுமலை சாவியை நீட்டினார். ஆசான் கேட்டுக் கொடுக்காமலிருக்க அவருக்குப் பழக்கமில்லை.

"நீங்க பின்னால ஏறிக்கோங்க. பாரம் இருந்தாத்தான் வண்டி வண்டியா இருக்கும்."

பட்டறை வாசலில் கிடந்த பழைய இரும்பையெல்லாம் அள்ளிப் பின்தொட்டியில் போட்டார்கள். அழகுமலை அதன்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தார். அவருக்கு நேர்கீழே, கைக்கெட்டும் தூரத்தில் சைலன்சரின் வாய் இருந்தது. பாண்டியம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

வண்டி கிளம்பியது. அழகுமலை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

முதல் வளைவு போயிற்று. அவர் விரலைச் சற்றுத் தளர்த்தினார். இரண்டாவது வளைவில் கையையே எடுத்துவிட்டார். கீழே சைலன்சர் பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உலையில் அரிசி கொதிப்பது போல ஒரே சீராக, ஒரே மட்டத்தில் பேசியது. ஏற்றம் வரும்போது இனி வெடிக்கும், இனி வெடிக்கும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஏற்றம் வந்தது, போனது. அந்தக் கொதி கொஞ்சம் கனத்தது, பிறகு பழையபடி ஆயிற்று. அவ்வளவுதான்.

களத்துக்கு முந்திய செங்குத்து ஏற்றத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி களத்தில் நின்றிருந்தது. தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள் செவலையை. அது ஒரு காதை மட்டும் திருப்பியது. மறுபடியும் புல்லில் வாயை வைத்தது.

அழகுமலை கீழே குதித்தார். வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து சைலன்சரின் வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு விரலை உள்ளே விட்டார். சூடு சுரீரென்று தாக்க, விரலை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

நல்லமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, ஆசான் உள்ளே பஞ்சை அடைச்சிட்டாங்களான்னு பார்க்கிறியா?"

"எண்ணெய் ஒழுகுதான்னு பார்த்தேன்."

"விரலை வச்சா பார்ப்பாங்க?"

"என் வண்டி. நான் எதை வச்சு வேணும்னாலும் பார்ப்பேன்."

"அப்ப அடுத்தது மூக்கை வச்சுப் பாரு."

பாண்டியம்மாள் களத்தின் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அழகுமலை அருகில் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன செஞ்சீங்க, ஆசான்?"

"வண்டி ஓட்டுனேன்."

"சைலன்சரை மாத்தலையே?"

"நீங்கதான் அதுமேல உக்காந்து வந்தீங்க."

இருவரும் கீழே இறங்கினார்கள். அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, பாண்டியம்மாள் சாவியை அவர் கையில் கொடுத்தார். தாம் பின்னால் ஏறி, இரும்புகளின் மேல், அதே சாக்கில் உட்கார்ந்தார். கையில் ஒரு ஸ்பேனர்.

"இப்ப நீங்க ஓட்டுங்க."

அழகுமலை ஓட்டினார். முதல் ஏற்றம் கண்ணில் பட்டது. சைலன்சர் சீறியது. கேபின் கூரையில் டக்கென்று ஒரு தட்டு விழுந்தது.

வண்டியை நிறுத்தினார். ஆசான் ஸ்பேனரால் முன்னே காட்டினார். மறுபடியும் எடுத்தார். அடுத்த ஏற்றம். சீற்றம். தட்டு. அதற்கடுத்த வளைவு. சீற்றம். தட்டு. மலை பாதி ஏறுவதற்குள் தட்டுகிற ஓசை அழகுமலையின் மண்டைக்குள் இறங்கிவிட்டது. ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"எதுக்கு ஆசான் தட்டுறீங்க? கூரை நசுங்கிரும்."

"நீங்க எதுக்கு அந்த இடத்துல அதட்டுனீங்க?"

"யாரை?"

"வண்டியை."

"நான் எங்கே அதட்டுனேன்?"

"ஏத்தம் கண்ணுல பட்ட உடனே ஆக்சிலேட்டரை ரெண்டு மிதி மிதிக்கிறீங்க. வண்டி இன்னும் ஏத்தத்துக்கே வரல. கிளட்ச் பாதியில நிக்குது. எஞ்சின் சும்மா நின்ன இடத்துல அலறுது. நான் உங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுக்கலயே."

"இல்ல."

"அப்ப யார் சொல்லிக் குடுத்தது?"

அழகுமலை பெருமையோடுதான் பதில் சொல்லத் தொடங்கினார். அது அவருக்குத் தெரிந்த விஷயம். அந்த மலையில் அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"ஏத்தம் வருதுன்னா முன்கூட்டியே ஒரு அதட்டுப் போடணும், ஆசான். ஏத்தத்துல ஏறின பிறகு அதட்டி என்ன பிரயோசனம்? முன்னாடியே ஒரு சத்தம் குடுத்தாத்தான் அது மூச்சைக் கட்டும். காலைக் கூட்டும். முதுகை வளைச்சு..."

அவர் நிறுத்தினார்.

வண்டியின் எஞ்சின் சூட்டில் டிக் டிக்கென்று ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்கு முதுகு இல்லை.

பாண்டியம்மாள் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது.

"பழைய சைலன்சர் இருந்தப்ப குதிரை ஒண்ணும் மிரளலையே," என்றார் அழகுமலை. குரலில் முன்பிருந்த உயரம் இல்லை.

"அப்பவும் அதட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க. அது வெளியே சொல்லல."

"இது சொல்லுது."

"இதை நான் நல்லாச் செஞ்சிருக்கேன்," என்றார் பாண்டியம்மாள்.

செவ்வாய்க்கிழமை வரை அழகுமலை ஓய்ந்து உட்காரவில்லை. பட்டறை இரும்பை ஏற்றிக்கொண்டு மலையேறுவார், இறங்குவார், மறுபடியும் ஏறுவார். அறிவு புரிந்துகொண்டதைக் கால் புரிந்துகொள்ளவில்லை. ஏற்றத்தைக் கண்டால் தொடை தானாக இறுகியது. நாக்கு கூட அண்ணத்தில் ஒட்டி, குதிரைக்குக் கொடுக்கும் அந்தச் சத்தத்துக்குத் தயாரானது. பாறைமேல் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த தடம் போல அந்தப் பழக்கம் அவர் உடம்பில் கிடந்தது.

ஆசானைப் போலவே செருப்பைக் கழற்றினார். உள்ளங்காலில் எஞ்சினின் நடுக்கம் நேராக ஏறியது. ஏற்றத்துக்கு முன்பாகவே, அது கண்ணில் படுகிற கணத்தில், கியரைக் குறைத்துவிட்டுக் காலை அசைக்காமல் வைத்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். கால் ஒரு நூல் பிசகினாலும் சைலன்சர் அதைச் சொல்லிவிடும். வீட்டில் மனைவி சொன்னாலும் கேட்காத மனிதர் இந்தக் குழாய் சொன்னதையெல்லாம் கேட்டார். திட்டினால் தலைகுனிந்தார். சில இடங்களில் அது திட்டாமல் விட்டது. அப்போது யாரும் பார்க்காதபடி மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரு மாலை, எதிரே ஏறி வந்த மாயாண்டி, தம் வண்டியை நிறுத்தினார். நாலாபுறமும் விஷயம் தெரிந்தவர் அவர். செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் தெரிந்தவர்.

"என்ன மாப்ளே, புலி மாதிரி உறுமிக்கிட்டுப் போன. இப்ப என்ன, புலிக்குத் தொண்டை கட்டிருச்சா?"

"புலி எப்பவும் உறுமிக்கிட்டே போகாது, மச்சான். உறுமுனா மான் ஓடிரும்."

"உன்கிட்ட இருந்து குதிரையே ஓடிருச்சாமே."

அழகுமலைக்கு முகம் சிவந்தது. ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார். சைலன்சர் மலை அதிரச் சிரித்தது. மாயாண்டியும் சிரித்தார். அந்த இடத்திலிருந்து அடிவாரம் வரை அழகுமலை தம் காலைத் தாமே திட்டிக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. களத்தில் என்றைக்கும் இல்லாத கூட்டம். தோட்டக்காரர்கள், குதிரைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒதுக்குப்புறமாக மாயாண்டியின் வண்டியும் நின்றது. லோடு கைமாறினால் உடனே ஏற்றிக்கொண்டு போவதற்காக வந்திருந்தார். செவலையின் கயிற்றைக் குருந்தப்பன் தாமே பிடித்திருந்தார். அதன் முதுகில் இரண்டு பக்கமும் பலாப்பழம். அதற்கு அந்தப் பக்கம் பள்ளம்.

அழகுமலை கீழ்த்தோட்டத்துப் பழத்தை ஏற்கெனவே ஏற்றியிருந்தார். பாரவண்டி. கடைசி ஏற்றம் கண்ணில் பட்டது.

தொடை இறுகியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. மேலே, ஏற்றத்தின் விளிம்பில், செவலையின் காதுகள் மட்டும் தெரிந்தன. கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஒரு மிதி மிதித்தால் வண்டி தாவி ஏறிவிடும் போலிருந்தது. மிதிக்காவிட்டால் பின்னுக்கு உருண்டுவிடும் போலிருந்தது.

அவர் கியரைக் குறைத்தார். காலை வைத்தார். வைத்த கால் வைத்தபடி இருந்தது.

வண்டி ஏறியது. அவசரப்படாமல், தயங்காமல், கனத்த சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து பழகிய பெண்ணைப் போல ஏறியது. சைலன்சர் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. அது கீழ்ஸ்தாயியில் பேசும்போது இத்தனை அழகாகப் பேசும் என்பது அழகுமலைக்கே அன்றுதான் தெரிந்தது.

களத்தில் வண்டி நின்றது. குதிரைகளில் ஒன்று வாலால் ஈயை ஓட்டியது. இன்னொன்று தும்மியது. செவலை, குருந்தப்பனின் தோளில் கிடந்த துண்டின் முனையை வாயால் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. எதுவும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தாம் வருவது மலைக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர், ஒரு குதிரைகூடத் தம்மைப் பாராததற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். அந்த நடைக்கு முன் ஒரு ராஜாவே தோற்றிருப்பார்.

குருந்தப்பன் துண்டைக் குதிரையின் வாயிலிருந்து பிடுங்கினார். அழகுமலையையும் பார்க்கவில்லை, மாயாண்டியையும் பார்க்கவில்லை.

"என்னய்யா நின்னுக்கிட்டிருக்கீங்க? ஏத்துங்க."

நல்லமுத்து முதல் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னால் வந்தார். போகிற போக்கில் குனிந்து சைலன்சரின் வாயைப் பார்த்தார்.

"நிசமாவே பஞ்சு வைக்கலையாண்ணே?"

"விரலை விட்டுப் பாரு."

"வேண்டாம். ஒரு கை ஏற்கெனவே போச்சு."

பழம் ஏறியது. பள்ளத்தின் ஓரத்தில் நின்ற மாயாண்டி சிறிது நேரம் பார்த்துவிட்டு, தம் வண்டியை எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் போனார்.

லோடை மண்டியில் இறக்கிவிட்டு அழகுமலை நேராகப் பட்டறைக்கு வந்தார். வழியில் ஒரு பலாப்பழம் ஒதுக்கி வைத்திருந்தார். அதை வாசலில் வைத்தார். பாண்டியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டி வந்து நின்ற விதத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"ஆசான், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணே."

"மலைக்குத் தெரியணும்னு நான் ஆசைப்பட்டப்ப, என் கால் இப்படின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா சத்தம் போடாத சைலன்சரை வாங்கிட்டுப் போயிருப்பீங்க."

அழகுமலை தலையாட்டினார். உண்மைதான். வாங்கிக்கொண்டு போயிருப்பார். இன்றைக்கும் ஒவ்வொரு ஏற்றத்திலும் அதட்டிக்கொண்டிருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது, அவர் உட்பட.

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே முதலாவதும் இரண்டாவதும் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது இருந்த ஆணியில் புதிதாகச் செய்த வேறொன்று ஏறியிருந்தது. மாணாக்கருக்கு உரிய பணிவோடு, ஆனால் தலையைத் தாழ்த்தாமல், அவர் கேட்டார்.

"அப்ப இப்பச் சொல்லுங்க, ஆசான். இனிமே என் வண்டிக்கு எதை மாட்டணும்?"

பாண்டியம்மாள் எழுந்தார். துணியில் கையைத் துடைத்தார். சுவரை ஒருமுறை பார்த்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு, செருப்பில்லாமல் பட்டறைத் தரையில் நின்ற அந்தக் கால்களைப் பார்த்தார். அவர் முகத்தில் அழகுமலை இதுவரை கண்டிராத ஒரு பெருமிதம் தெரிந்தது.

"எதை வேணும்னாலும் மாட்டிக்கோங்க அண்ணே. இனிமே உங்களுக்கு எது மாட்டினாலும் பொருந்தும்."